பதினெட்டு அடிக் குழாய்

நான் சமையலறைக்குள் போனபோது தம்பி சிங்க்குக்கு அடியில், சுவரோடு தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தான். வலது கையால் குழாயைப் பொத்திப் பிடித்திருந்தான். அந்தக் கை நழுவிவிடாமல் இருக்க இடது கையால் மணிக்கட்டை இறுக்கியிருந்தான். விரல் இடுக்குகளிலிருந்து தண்ணீர் விசிறி போலப் பீய்ச்சியது. தலைமுடி, புருவம், சட்டைக் காலர் எல்லாம் சொட்டின. தரையில் பாதம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வெங்காயக் கூடை தானாக நகர்ந்து கதவருகே வந்து நின்றிருந்தது.

"எப்பலேர்ந்துடா?"

"அஞ்சரைலேர்ந்து."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு இருபது.

"ஏன்டா என்னைக் கூப்பிடல?"

"நீ தூங்கிட்டிருந்தியேக்கா."

அவனுடைய பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. முப்பத்தாறு வயது ஆள், ஐம்பது நிமிடம் குளிர்ந்த தண்ணீரைக் கையால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அக்காவின் தூக்கம் கெடக் கூடாது என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் விஷயத்தில் எனக்கு முதலில் வருவது எப்போதும் அதுதான்.

வாசலுக்கு ஓடினேன். சுற்றுச்சுவரை ஒட்டித் தரைக்குள் இருக்கும் வால்வை அப்பா ஒரு முறை காட்டியிருக்கிறார். மூடியைத் தூக்கி, கைப்பிடியைப் பிடித்துத் திருகினேன். அது திரும்பவில்லை. பலம் கொண்ட மட்டும் திருகியதில் கைப்பிடி துருத்தூளோடு உடைந்து கையோடு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே வந்து பார்த்தார். "இதெல்லாம் நம்மால ஆகாதும்மா, எங்க வீட்டுக்கு வர்ற பிளம்பரைக் கூப்பிடறேன்" என்று போனை எடுத்தார்.

வந்தது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம், முட்டி தேய்ந்த கால்சட்டை. மூன்று சக்கர வண்டியிலிருந்து இறங்கும்போதே பேசத் தொடங்கியிருந்தாள். தெருவின் பெரிய குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரியும் இடத்து வால்வை நீண்ட கம்பி ஒன்றால் மூடிவிட்டு உள்ளே வந்தாள். தம்பியைப் பார்த்து, "தம்பி, கையை எடுக்கலாம். நின்னுருச்சு" என்றாள். அவன் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் தலையசைத்த பிறகுதான் எடுத்தான். உள்ளங்கை வெளுத்து, ஊறிய காகிதம் மாதிரி சுருங்கிப் போயிருந்தது.

"அடேங்கப்பா. இந்த மாதிரி ஒரு வாஷர் கடைல கிடைச்சா நான் தொழிலையே விட்டுரலாம்" என்றாள் பிளம்பர். தம்பி சிரித்தான். அவனுக்குப் பாராட்டு புரிய ஒரு நொடி பிடிக்கும், புரிந்தபின் முகம் முழுக்க வரும். பள்ளிக்கூடத்தில் அவனை ட்யூப்லைட் என்று கூப்பிட்டார்கள். இப்போது வேலை செய்யும் லாண்டரியில் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. பதினாறு வருடமாக விடுதிப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறான், ஒரு விரிப்பு கூடக் கோணலாக மடித்ததில்லை என்று முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிளம்பர் குழாய்களோடு பேசுகிறவள். தண்ணீரில் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்வி, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டாள். "என்னடி ஆச்சு உனக்கு? எத்தனை கோட்டு பெயின்ட்டு அடிச்சு வச்சிருக்காங்க உனக்கு, கல்யாணப் பொண்ணு மாதிரி" என்று அவள் குரல் அங்கிருந்து குழறிக் கேட்டது. நான் துடைப்பத்தால் தண்ணீரைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். தம்பி துணி மாற்றப் போனான். முன்னறையிலிருந்து அப்பா, "என்ன சத்தம் அங்க? தண்ணிய நிறுத்தியாச்சா இல்லையா?" என்று கேட்டார். "ஆச்சுப்பா" என்றேன். மூட்டு தேய்ந்து, நடைவண்டி இல்லாமல் நகர முடியாத எண்பத்தொரு வயதிலும் அவருடைய குரல் மட்டும் வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படிதான் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

கொஞ்ச நேரம் கழித்துதான் கவனித்தேன். பிளம்பரின் பேச்சு நின்றிருந்தது.

எட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் குழாயைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பச்சை பெயின்ட், அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில் வெள்ளை. எல்லாவற்றுக்கும் அடியில் பளிச்சென்று வெள்ளி மாதிரி ஒரு கீறல். பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள். அது ஒட்டாமல் தண்ணீரில் விழுந்தது. மறுபடி எடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி விழுந்தது. குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் இணைப்பில் வெங்காயம் மாதிரி ஒரு புடைப்பு இருந்தது. அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் குழாய்த் தண்ணியத்தான் குடிக்கிறீங்களா?"

"ஆமா."

"சமையலுக்கும்?"

"எல்லாத்துக்கும் இதுதான். ஏன்?"

"எவ்வளவு நாளா?"

"நாங்க இங்க வந்து முப்பத்தாறு வருஷம் ஆச்சு."

அவள் ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். "இரும்பா இருந்தா காந்தம் புடிக்கும். தாமிரமா இருந்தா சுரண்டினா செவப்பா இருக்கும். இது ஈயம்மா. காரீயம். அந்தக் காலத்துல போட்டது. வளைக்கச் சுலபம்னு போட்டுட்டுப் போயிட்டான். இப்ப எங்கயும் விட்டு வைக்கிறதில்ல, பார்த்தா உடனே எடுத்துருவோம்."

"எடுத்துருங்க, அதுக்கென்ன" என்றேன். எனக்கு இன்னும் விஷயம் ஏறவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்பதுதான் மனதில் ஓடியது. கண்ணாடிக் கடையில் காலையில் மூன்று பேருக்கு லென்ஸ் பொருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அது தண்ணில கரையும்மா" என்றாள். "கண்ணுக்குத் தெரியாது. வாசனை கிடையாது, ருசி கிடையாது."

"நாங்க கொதிக்க வச்சுத்தான் குடிப்போம்."

"கொதிச்சா கிருமிதான் சாகும். ஈயம் போகாது. தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும்." சொல்லிவிட்டுத் தயங்கினாள். "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்ல."

"முன்ன?"

அப்போது தம்பி சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். ஒரு சுருக்கு, இன்னொரு சுருக்கு, இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். கயிறு கட்ட அவன் பன்னிரண்டு வயதில்தான் கற்றுக்கொண்டான். பிளம்பர் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது.

தம்பி காந்தத்தைக் கேட்டான். அவள் கொடுத்தாள். அவன் அதை அடுப்பில் ஒட்டிப் பார்த்தான், ஒட்டியது. சிங்க்கில் ஒட்டிப் பார்த்தான், வழுக்கியது. முன்னறைக்குப் போனான். "அப்பா, உங்க கட்டில் ஒட்டுது. நடைவண்டி ஒட்டல!" என்ற குரல் கேட்டது. "வேலைக்குப் போடா, நேரமாச்சு" என்றார் அப்பா. காந்தத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, "பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"நான் டாக்டர் இல்லம்மா."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"பெரியவங்களுக்கும் ஆகாதுதான். ஆனா கைக்குழந்தைங்களுக்குத்தான் ரொம்ப மோசம்னு சொல்லுவாங்க. மூளைக்குப் போகும். பேச்சு லேட்டாகும், படிப்பு ஏறாதும்பாங்க." அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி ஓடிட்டே இருந்தா அவ்வளவா இறங்காது. ராத்திரி பூராக் குழாய்க்குள்ள தேங்கி நிக்குதே, காலைல மொதமொதல்ல திறந்தா வருமே, அதான் பொல்லாதது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்கணும்னு சொல்லுவாங்க."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். அது சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தேன்.

அவன் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம். அதுவரை வேறு ஊரில் பள்ளிக்கூடக் குடியிருப்பு. அவன் பிறந்ததும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, ஏழெட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகவே கழிந்தது. அவளுக்குப் பால் வற்றிப்போனது. எனக்குப் பதினொரு வயது. விடிந்தும் விடியாமலும் தம்பி அழுவான். அப்பா எழுந்து அவனைத் தோளில் போட்டு நடப்பார். நான் பாத்திரத்தைக் குழாயில் பிடித்து, அடுப்பில் வைத்து, கொதித்து ஆறியபின் பால் பவுடரைக் கலந்து புட்டியில் ஊற்றுவேன். கட்டி இல்லாமல் கலக்குவேன். என் வயதில் இவ்வளவு பொறுப்பான பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லுவாள். அதற்காகவே நான் அலாரம் இல்லாமல் எழுந்திருக்கப் பழகினேன். குழாயை ஓடவிட்டுப் பிடிக்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அப்பா அந்த வீட்டில் ஒரு சொட்டு தண்ணீரை வீணாக்க விடமாட்டார். நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்றால் வருடத்துக்கு எத்தனை வாளி என்று எங்களைக் கணக்குப் போட வைப்பார். நான் போட்டுக் காட்டுவேன். சரியாகப் போடுவேன்.

நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன். ஆனால் எனக்குப் பதினொரு வயது.

அவன் மூன்று வயதுவரை பேசவில்லை. ஏழு வயதில் எழுத்துகள் தலைகீழாக வந்தன. கணக்கு வாத்தியாரின் மகனுக்கு வாய்ப்பாடு வரவில்லை. அப்பா மர ஸ்கேலால் புறங்கையில் அடிப்பார், பிறகு உள்ளங்கையில். அப்பா அடித்தது மட்டும்தான் வீட்டில் பேசப்பட்டது. நான் செய்தது யாருக்கும் தெரியாது. எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டேன். நாற்பத்தாறு என்றான். மறுபடி கேட்டேன், மறுபடி நாற்பத்தாறு. அவனைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டேன். "சரியா சொன்னாத்தான் திறப்பேன்." பிறகு ஒரு தொடர்கதையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள் மறந்தே போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து ஓடிப்போய்த் திறந்தேன். அவன் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. "சொல்லிச் சொல்லிப் பாத்தேன்கா, வரல" என்றான்.

அம்மாவுக்கு வேறொரு காரணம் இருந்தது. கர்ப்பத்தின்போது பல்வலிக்கு நான்கு மாத்திரை போட்டுக்கொண்டாளாம். யாரோ ஒரு சொந்தக்காரி, "அந்த மாத்திரைதான் குழந்தையைப் பாதிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். அம்மா இருபத்து நான்கு வருடம் அதைச் சுமந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட, "பல்ல புடுங்கிப் போட்டுட்டு வந்திருக்கலாம்டி. அந்த மாத்திரையைப் போட்டிருக்கக் கூடாது" என்றுதான் சொன்னாள். நான் அவள் கையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். இல்லையம்மா என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அப்படி ஒரு எண்ணம் உள்ளுக்குள் இருந்தது.

"உக்காருங்கம்மா" என்றாள் பிளம்பர். நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

அவள் டேப்பை எடுத்து வாசல் வால்விலிருந்து சமையலறைவரை அளந்தாள். சுவரோரமாக வந்து முன்னறை ஜன்னலுக்கு அடியில் திரும்பும் வழி. அப்பா கட்டிலிலிருந்தே அவளை நிறுத்தினார்.

"என்ன அளக்குறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஈயம் என்றேன். தண்ணீரில் கரைவது என்றேன். கைக்குழந்தைகள் என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், ஒரு மாணவனின் விடையைக் கேட்கிற மாதிரி, இடையில் பேசாமல்.

"அதனாலதான் இவன் இப்படின்னு சொல்றியா?"

"சொல்லலப்பா. இருக்கலாம்னு."

"இருக்கலாம்னா அது விடை இல்ல. நிரூபணம் இருக்கா? இதே தெருவுல எத்தனை வீடு, எத்தனை பிள்ளைங்க. எல்லாரும் இதே தண்ணிதானே?"

"மத்த வீடெல்லாம் பிற்பாடு கட்டினதுங்கய்யா. இந்த வரிசைல இது ஒண்ணுதான் பழசு" என்றாள் பிளம்பர் மெதுவாக.

அப்பாவுக்கு அது தெரியும். பழைய வீடு, கெட்டியான வீடு, இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தனும் கட்டமாட்டான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டுவார். இப்போது அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு, "எத்தனை அடி?" என்று கேட்டார்.

"பதினெட்டுங்கய்யா."

"உள் விட்டம்?"

"அரை இஞ்ச்சு."

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பேப்பரின் ஓரத்தில், செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவிலிருந்த வெள்ளை இடத்தில், எழுதத் தொடங்கினார். அரை இஞ்ச்சை சென்டிமீட்டர் ஆக்கினார். பாதியாக்கினார். வர்க்கம் எடுத்தார். எனக்கு அவர் என்ன செய்கிறார் என்பது மூன்றாவது வரியில் புரிந்தது. ஓர் இரவு முழுக்க அந்தக் குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் நின்றிருக்கும் என்று பார்க்கிறார். நிறுத்துங்கப்பா என்று சொல்ல நினைத்தேன். என் கண்ணும் அவரோடு சேர்ந்து போட்டுக்கொண்டே போனது. அவர் ஐந்தாவது வரியைத் தாண்டி ஆறாவதுக்குப் போகும்போது நான் ஏற்கெனவே விடைக்கு வந்துவிட்டிருந்தேன்.

அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து மில்லி. அடியில் இரண்டு கோடு போட்டார். விடைக்கு அடியில் எப்போதும் இரண்டு கோடு.

"பால் புட்டி எவ்வளவு புடிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"இருநூறுப்பா."

அறுநூற்றுத் தொண்ணூற்றைந்தை இருநூறால் வகுத்தார். மூன்று புள்ளி நான்கு ஏழு ஐந்து. அதை நீண்ட நேரம் பார்த்தார். "மூணரைப் புட்டி" என்றார். "காலைல ஒண்ணு. அது மட்டும்னு நெனச்சேன். நீ ஒரே தடவையா மூணு புட்டிக்குத் தண்ணி காய்ச்சி வச்சிருவே இல்ல?"

"கேஸ் வீணாகக் கூடாதுன்னு நீங்கதாம்பா..."

முடிக்காமல் விட்டேன். அவர் பென்சிலைப் பையில் வைக்கப் பார்த்தார். பை கைக்கு அகப்படவில்லை. இரண்டு முறை மார்பில் குத்தினார். மூன்றாவது முறை பென்சில் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. நான் குனியவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. பிளம்பர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓசையில்லாமல் வெளியே போய்விட்டாள்.

மாலையில் தம்பி வந்து வழக்கம்போல அப்பாவின் கால்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். எதிர்வீட்டிலிருந்து நான் சுமந்து வந்த தண்ணீர். துணியைப் பிழிந்து முட்டியில் வைக்கும் தம்பியின் புறங்கையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு அதிகமாப்பா?" என்று அவன் கேட்டான். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

மறுநாள் தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனேன். என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள், அப்பாவுக்கு வீட்டுக்கு வந்து எடுப்பதாகச் சொன்னார்கள். "இப்ப எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி எவ்வளவு இருந்ததுன்னு இதுல தெரியாது" என்றார் டாக்டர்.

"அதனாலதான்னு சொல்ல முடியுமா?"

"சொல்ல முடியாதும்மா. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்பி ஊசி போட்ட இடத்துப் பஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், அவன் என் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு பஸ்கள் வந்து போயின. எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் ஆயிரம் பேருக்கு, உங்க கண்ணுல தப்பில்ல, பவர்தான் மாறியிருக்கு என்று சொல்லிப் பழகிய வாய்தான்.

"நம்ம வீட்டுக் குழாய் இருக்கில்லடா, அது நல்ல குழாய் இல்லயாம். அதுல இருந்த ஈயம் தண்ணில கலந்து வந்திருக்கு. நீ குழந்தையா இருந்தப்ப அந்தத் தண்ணிலதான் உனக்குப் பால் கலந்தோம். உனக்குப் படிப்பு வராததுக்கு அது காரணமா இருக்கலாம். நீ சரியாத்தான் பொறந்திருக்கே."

அவன் பஞ்சை எடுத்துப் பார்த்தான். சின்னச் சிவப்புப் புள்ளி. மறுபடி வைத்தான்.

"அம்மா மாத்திரை இல்லயா?"

நான் திடுக்கிட்டேன். அவனுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு முன்னால் நாங்கள் பேசியதே இல்லை. பேசினோமா? இவனுக்கு என்ன புரியப்போகிறது என்று எத்தனையோ பேசியிருக்கிறோம்.

"இல்லடா. அம்மா மாத்திரை இல்ல."

"அம்மாகிட்ட சொல்ல முடியாது இப்ப" என்றான். அது கேள்வி இல்லை. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான். பிறகு, "யாரு பால் கலந்தது எனக்கு? அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்கல்ல?" என்றான்.

ஒரு லாரி போனது. அது போய் முடிய நேரம் ஆனது.

"நான்தான்டா."

"நீயா?" அவன் முகம் என் பக்கம் திரும்பியது. "நீ சின்னப் பிள்ளையாச்சேக்கா."

"பதினொண்ணு."

"தனியாவா? அடுப்பெல்லாம் பத்தவச்சு?"

"ம்."

"நான் ஒழுங்கா குடிப்பேனா?"

"குடிப்பே. ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டே."

அது அவனுக்குள் போய்ச் சேர ஒரு நொடி ஆனது. பிறகு முகம் முழுக்க வந்தது. அவன் சிரித்தான். குழந்தையில் தான் சமர்த்தாக இருந்திருக்கிறோம் என்ற சந்தோஷம். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போயிருந்தால் தேவலை. "அஞ்சு நிமிஷம் ஆச்சுக்கா" என்று பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியைத் தேடிப் போனான்.

மூன்றாம் நாள் பிளம்பர் வேலையை முடித்தாள். பழைய குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, சாக்கில் கட்டி, இரண்டு பேர் பிடித்துத்தான் வண்டியில் ஏற்ற முடிந்தது. அவ்வளவு கனம். தம்பி அன்றைக்கு லீவு போட்டிருந்தான். உதவி செய்தே தீருவேன் என்றான். பிளம்பர் அவனுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்திருந்தாள். புதுக் குழாய் சுவருக்கு வெளியிலேயே வெள்ளையாக ஓடியது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுபோல.

தெரு வால்வைத் திறந்துவிட்டு வந்து, "யாராவது குழாயைத் திறங்க" என்றாள். அப்போது நடைவண்டி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அப்பா முன்னறையிலிருந்து சமையலறைவரை தானாகவே நடந்து வந்திருந்தார். போன வருடத்திலிருந்து அவர் அங்கே வந்ததில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நின்றார். உட்காருங்கப்பா என்று நாற்காலியை நகர்த்தினேன். உட்காரவில்லை. தம்பியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாடை அசைந்தது. வார்த்தை வரவில்லை. இவ்வளவு வருடத்தில் அவருக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தம்பி அவருக்காகக் காத்திருந்தான். அவன் யாரையும் அவசரப்படுத்துகிறவன் இல்லை.

பிறகு அவனே குழாயைத் திறந்தான். முதலில் காற்று இருமியது. வெள்ளையாக நுரைத்துத் துப்பியது. நின்றது. மறுபடி துப்பியது. கடைசியில் தண்ணீர் ஒரே நூலாக, சத்தமில்லாமல் இறங்கியது.

"இன்னிக்குக் குடிக்காதீங்க, நல்லா ஓடட்டும். சாம்பிள் எடுத்துட்டுப் போறேன், ரிப்போர்ட் வரட்டும்" என்றாள் பிளம்பர்.

ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் அருகில் போகவில்லை. தம்பிதான் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, தண்ணீரைப் பிடித்தான். அப்படியே ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தான். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலக்கா. நீ பாரு" என்று என் பக்கம் நீட்டினான்.

நான் குனிந்தேன். அவன் உள்ளங்கையின் ரேகைகள் தண்ணீருக்கு அடியில் பெரிதாகத் தெரிந்தன. வெயில் அதில் விழுந்து நடுங்கியது. விரல்களை எவ்வளவு இறுக்கியும் தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஒழுகிக் குறைந்துகொண்டே வந்தது. அவன் நான் பார்த்து முடிக்கட்டும் என்று கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.